மதகாண்ட ஒரு பெஞ்ச்

என் வீட்டுக்காரிக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆனது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்காவிட்டால் முட்டி மடங்காமலே நின்றுவிடும் என்றார்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏரிக்கரை. முள்ளை வெட்டி, மண் கொட்டி, கரைமேல் நடக்கிறவர்களுக்குப் பாதை போட்டிருந்தார்கள். பாதை முடிகிற இடத்தில் பழைய மதகு, ஒரு புங்கமரம். அதுவரைக்கும் அவளால் போய்விட முடியும். போனதும் கொஞ்சம் உட்கார்ந்தால்தான் திரும்பி வர முடியும். மதகுச் சுவர் மார்பு உயரம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் பாதியிலேயே திரும்பிவிடுவாள். அந்த நடை போதாது என்று டாக்டர் திட்டுவார்.

கரையில் நடக்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் ரிட்டையர் ஆன ஆபீசர். எல்லாரும் அவரை சார் என்போம். பாதைக்கு பெஞ்ச், வழி காட்டும் போர்டு, குடிதண்ணீர்க் குழாய், இதற்கெல்லாம் ஊரில் வசூல் செய்யலாம் என்றார். என்னையும் கூப்பிட்டார். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பட்டுக் கடைகளுக்குப் புடவை மூட்டை கொண்டுபோய்ப் போடுவதால் முதலாளிகளுக்கு என் முகம் தெரியும்.

"வரேன் சார். மதகாண்ட ஒரு பெஞ்ச் போட்டுடணும். அது ஒண்ணுதான்," என்றேன்.

"இன்னாபா இது, கேக்கணுமா? போட்டுடலாம்."

ஆட்டோவைப் போட்டுக்கொண்டு சாரோடு கடை கடையாகப் போனேன். வர வேண்டிய சவாரி போனது. பரவாயில்லை என்று இருந்தேன். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் ஒன்றைத்தான் முதலில் கேட்டார்கள். பேர் போடுவீங்களா?

எங்கள் ஊரில் கோயில் டியூப் லைட்டில்கூட உபயம் என்று பேர் எழுதியிருக்கும். பேர் போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். எங்கள் தெரு அம்மன் கோயிலில் என் அம்மா பேரிலும் ஒன்று எரிகிறது. எழுதச் சொன்னது நான்தான். அதனால் பேர் கேட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பேர் போட்டு எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

பெஞ்ச் தருவதாக ஒத்துக்கொண்ட பட்டுக்கடை முதலாளியிடம் நானே கேட்டேன்.

"மொதலாளி, உங்களுது மதகாண்ட போட்டுக்கட்டுமா?"

"அங்க எவன் வரான்?"

"நடக்கறவங்க வருவாங்க."

"கொக்குதான்யா வரும். கொக்குக்குப் படிக்கத் தெரியுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி அப்பா பேரில் தருகிறார். ரோட்டில் போகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். அவர் கணக்கு அது. மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

பெஞ்சுகள் வந்தன. எல்லாம் கரை ஏறுகிற இடத்தில், ரோட்டைப் பார்த்து, கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி வரிசையாக. ஒவ்வொன்றின் முதுகிலும் பேர். நடக்கிறவர்கள் யாரும் அதில் உட்காருவதில்லை. நடக்க ஆரம்பிக்கும் முன்னே எவன் உட்காருவான்? பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உட்கார்ந்தார்கள்.

போர்டும் வந்தது. கரை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நட்டார்கள். ஒரு பக்கம் மதகுக்கு, ஒரு பக்கம் வயலுக்கு. போர்டில் உபயதாரர்கள் போட்டோ, பேர், கடை பேர், கீழே சங்கத்தார் பேர். வெளியூர்க்காரர் ஒருத்தர் அதை மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மதகுக்கு எப்டிங்க போறது?"

கையைக் காட்டினேன். அது அந்தப் போர்டு செய்ய வேண்டிய வேலை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "சார், அம்புக்குறி எங்க? மதகாண்ட பெஞ்ச் எங்க?"

"அம்பு போட எடமில்லபா. பெஞ்ச் அடுத்த வசூல்ல பாக்கலாம்."

"இதுல ஒண்ண நவுத்திப் போடலாமே. நானே வண்டியில ஏத்தினு போறேன்."

"குடுத்தவங்க மனசு கோணும். நாளைக்கு எப்படிப் போயி நிக்கறது அவங்க முன்னாடி?"

என் மனசு கோணினால் யாருக்கும் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வுடுங்க. நான் பாதியோட திரும்பிக்கறேன்."

"கால் மடங்குதா?"

மடக்கிக் காட்டச் சொன்னேன். போன மாதம் மடங்கிய அளவுதான்.

மறுநாள் காலை வீட்டில் இருந்த பிளாஸ்டிக் சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். மதகில் சேரைப் போட்டேன். உட்கார்ந்தாள். புங்கமர நிழல். திரும்பி வந்தோம். நின்று நின்று வந்தாள். ஆனால் வந்துவிட்டாள்.

ஒருநாள் சேரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் இல்லை. வேறு வாங்கினேன். அதிலிருந்து போக வர என் தலைமேல்தான்.

எதிரே வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாண்ணே, சேருக்கு உபயம் யாரு? பேரே காணோம்." நான் நடந்துகொண்டே இருப்பேன். அவள்தான் சொன்னாள், "அவரு தல மேல வெச்சினுகீறாரே, தெரியல?"

போன வாரம் சார் மதகு வரைக்கும் வந்தார். வழக்கமாகப் பாதியில் திரும்புகிறவர். வேர்த்துக் கொட்டியது. அவரைப் பார்த்ததும் இவள் எழுந்துவிட்டாள். பெரிய மனுஷர் நிற்கிறார், நாம் உட்கார்ந்திருக்கலாமா என்று. "உக்காருங்க சார்," என்றாள். அவரும் உட்கார்ந்தார். இவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றாள்.

சார் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஏரியைப் பார்த்தார்.

"நல்ல காத்து. இங்க ஒரு பெஞ்ச் இருந்தா நல்லாருக்கும், இல்லபா?"

என் தோளில் இருந்த கை இறுகியது. பேசாதே என்று அர்த்தம்.

"நல்ல உபயதாரரா கெடச்சா சொல்லு," என்றார்.

அவர் எழுந்திருக்கும் வரைக்கும் நின்றோம். அவர் போனபின் அவளை உட்காரச் சொன்னேன். வேண்டாம், வெயில் ஏறிவிட்டது என்றாள். சேரை எடுத்துத் தலையில் கவிழ்த்தேன். அன்று திரும்பி வரும்போது வழியில் இரண்டு இடத்தில் சேரை இறக்க வேண்டியிருந்தது.