கத்திரி வெயிலில் மப்ளர்

திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு பன்றிப் பண்ணையில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிற பன்றிதான் நன்றாக வளர்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். நான் ஊசி குத்தும்போது பன்றியைப் பிடித்துக்கொள்ள பண்ணையாள் ஒருவர் இருந்தார். உப்பிய முகம், கரகரத்த குரல். கத்திரி வெயிலிலும் கழுத்தில் மப்ளர். நான் ஊசியை உருவியதும், ரத்தம் நிற்கும்வரை அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பார். நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது.

"என்னண்ணே, இம்புட்டு வெயில்ல மப்ளரு?" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"குளுருது சார். எந்நேரமும் அசதியா வருது. எனக்கும் ஒரு குழா ரத்தம் எடுத்துப் பாருங்களேன்."

"இது பன்னிக்கு உள்ளதுண்ணே" என்று சிரித்தேன்.

"அதுஞ்சரி. என்னைய என்ன, எடைக்கா விக்கப் போறீக?" என்றபடி அடுத்த பன்றியைப் பிடிக்கப் போனார்.

அன்று மாலை ஆய்வேட்டில் எழுதினேன்: 'தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது, சோர்வு வரும், முகம் உப்பும்.' பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தும் அவர் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்த ஆய்வுக்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.