அக்னி மூலையில் ஒரு ரூட்டர்

வைஃபை ரூட்டர் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம். போன வாரம் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மோகனூரிலிருந்து மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், போன் செய்தார். லாரி வைத்திருப்பவர், எதற்கும் அசராதவர். அன்றைக்குக் குரலே சரியில்லை.

"ஏனுங்க மச்சான், நாமக்கல் வரைக்கும் வாரீங்களா? நல்லதா ஒரு வைஃபை பொட்டி வாங்கோணும். புள்ளைய பெங்களூருக்கே வரச் சொல்றாங்க."

புள்ளை என்றால் அவர் மகள் கவிதா. பெங்களூரில் கம்பெனி வேலை. கணவருக்கு துபாயில். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், லீவு முடிந்ததும் இங்கிருந்தே வேலை பார்க்கக் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள். ஆனால் மீட்டிங்கில் பாதிப் பேச்சில் நெட் கட்டாகிறது. இன்னொரு முறை இப்படி ஆனால் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவாள்?

கடையில் மாப்பிள்ளை விலையைப் பார்க்கவே இல்லை. ஆன்ட்டெனாவைத்தான் எண்ணினார்.

"இது ரெண்டு... இது நாலு... ஆறு இருக்கறதக் குடுங்க."

டயர் கூடினால் பாரம் கூடுதலாகத் தாங்கும் என்ற லாரிக் கணக்கு! விற்பனையாளர் விடுவாரா? "ரேஞ்ச் பிச்சுக்கிட்டுப் போகும் சார்" என்றார். அட்டையில் போட்டிருக்கும் ரேஞ்ச், சுவரே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு என்று சொல்லிப் பார்த்தேன். நடுத்தர விலையில் ஒன்றைக் காட்டினேன்.

"புள்ளை விசயத்துல கஞ்சத்தனம் பண்றதுங்களா மச்சான்?" என்று ஒரே போடாகப் போட்டார். ஆறு ஆன்ட்டெனாவோடு கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். எங்கே தெரியுமா? சமையலறையில். எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவில்! பழைய ரூட்டரும் அங்கேதான் இருந்ததாம்.

"கரண்ட்டுச் சாமானெல்லாம் அக்னி மூலைலதானுங்க இருக்கோணும். ஊடு கட்டும்போதே வாஸ்துக்காரரு சொல்லிப்போட்டாரு" என்றார் மாப்பிள்ளை.

அக்னி மூலை தென்கிழக்கு. கவிதாவின் அறையோ நேர் எதிர்க்கோடியில், வடமேற்கில். இடையில் மூன்று சுவர், ஒரு இரும்பு பீரோ. சிக்னல் என்ன செய்யும், பாவம்? ஆறு ஆன்ட்டெனா இருந்தும் அவள் அறையில் பழைய கதைதான்.

"சமையல் ரூம்லயே உக்காந்தும் பாத்துட்டேன் மாமா. குக்கர் விசில் கேட்டு மீட்டிங்கே சிரிக்குது" என்றாள் கவிதா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மதியம் அடுத்த மீட்டிங். மடியில் குழந்தை தூங்குகிறது. எனக்கு மனசே கேட்கவில்லை.

ரூட்டரை அவள் அறைக்கு மாற்றலாம் என்றேன். மாப்பிள்ளை அசையவில்லை. வாஸ்துவோடு வாதாடி ஜெயித்தவர் உண்டா? கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டால் சிக்னல் வந்துவிடுமா? அவர் வழிக்கே போனேன்.

"மாப்பிள்ளை, அடுப்பு எரியுது, மிக்சி சூடாகுது. அதெல்லாம் அக்னி. சரிங்களா?"

"ஆமாங்க."

"இந்த நெட்டு பொட்டியிலிருந்து போனுக்கு எதுலீங்க வருது? காத்துலதானுங்களே?"

தலையாட்டினார்.

"அப்ப இது வாயு மூலைலதானுங்க இருக்கோணும்?" என்றேன்.

இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும்... எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாயு மூலை என்பது வடமேற்கு. அதாவது, கவிதாவின் அறை!

மாப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. உடனே கேபிள்காரருக்குப் போன் போட்டார். அவர் வந்து சமையலறையிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, ரூட்டரைக் கவிதாவின் மேஜைக்கு மேலே மாட்டிக் கொடுத்தார். மதிய மீட்டிங் கட்டாகாமல் முடிந்தது. "மேனேஜர் ஒண்ணுமே சொல்லல மாமா!" என்று ஓடிவந்தாள் கவிதா. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சும்மா இருக்காமல், பழைய ரூட்டரைக் கவிதாவின் மேஜைக்கு மேலே அதே இடத்தில் மாட்டிப் பார்த்தேன். அதுவும் ஜோராக வேலை செய்தது! இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ரேஞ்சையும் விலையையும் பார்க்குமுன், வேலை நடப்பது எந்த அறையில், பெட்டியை மாட்டப் போவது எங்கே என்று பாருங்கள். அநேகமாக நடுத்தர விலையே போதும்.

நேற்று மாப்பிள்ளை கூப்பிட்டார். "வாஸ்துப்படி வெச்சா எப்படி இழுக்குது பாத்தீங்களா மச்சான்!"

பேர் வாஸ்துவுக்கே போகட்டும்... குழந்தை தாயிடம் இருக்கிறதே, அது போதும்.