சாரலில் இறுகிய கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஓர் ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. நான் அப்போது பட்டணத்தில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை என்னவென்றால், அறுவைச் சிகிச்சைப் பாடத்தின் வாய்மொழித் தேர்வில் கோட்டை விட்டுவிட்டு, மறுதேர்வுக்காகத் தென்காசியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் என் கையில் ஓர் எலும்பைக் கொடுத்தார். எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று கடகடவென ஒப்பித்தேன். இது உடைந்தால் எப்படிக் கூடும் என்று கேட்டார். எலும்பில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று நான் சொல்ல, அவர் எலும்பைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டார். இன்னொரு முறை தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து வயலைப் பார் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆகவே வெறிபிடித்தவன்போலப் படித்தேன். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டுவது, அதற்குள் புது ரத்தக் குழாய்கள் முளைப்பது, மெத்தென்ற இணைப்பு ஒன்று உண்டாகி அது மெல்ல எலும்பாகக் கெட்டிப்படுவது எல்லாம் தலைகீழ்ப் பாடம். ரத்தம் போகாத இடத்தில் எதுவும் கூடாது என்ற வரிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, தலை கனக்கிறது என்று அருவிக்குப் போனேன். பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் அங்கே யார் குளிக்கிறார்கள்? கூலிக்கு எனக்குத் தேய்த்துவிட்டவருக்கு முப்பது வயதிருக்கும். தேய்த்து முடித்து எழுந்தவர், பாறையில் வழிந்திருந்த எண்ணெயிலேயே வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். வலது முன்கை நடுவில் வளைந்து நின்றது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் சந்தோஷம் பொங்கியது. படித்ததெல்லாம் கண்முன்னே கிடக்கிறதே. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். "நகருங்க, நான் டாக்டர்" என்றேன். கோவணமும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக ஒரு டாக்டரை அந்தக் கூட்டம் அதற்கு முன் பார்த்திருக்காது.

கையை இழுத்து நேராக்கினேன். பனைமட்டையைப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்து, என் காய்ந்த வேட்டியைக் கிழித்து வரிந்து கட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கை பழையபடி ஆயிருமாய்யா? இத வச்சுத்தான் எங்க பாடு ஓடுது."

ஆகிவிடும் என்றேன். மூன்று நாளைக்கு யாரும் கட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டு, இடுப்பில் துண்டோடு ஊர் திரும்பினேன். நடை என்னவோ ராஜநடைதான்.

மத்தியானத்திலிருந்து சாரல் விடாமல் அடித்தது. நான் அதே முறிவுப் பாடத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அவரும் அவர் மனைவியும் நனைந்துபோய் நின்றார்கள். குற்றாலத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். அவர் முகம் வெளிறியிருந்தது.

"வலி தாங்க முடியாம துடிச்சாக. இப்பம் விரலு மரத்துப்போச்சுங்காக. கட்ட அவுத்துப் பாருங்கய்யா" என்றாள் அந்தப் பெண்.

இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு கூடும் என்று நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். அவள் முழுவதும் கேட்கவில்லை.

"காஞ்ச கயித்த வண்டியில கட்டினா, மழையில நனைஞ்சு இறுகிக்கிடும்லா? துணி மட்டும் இறுகாதா? நீங்க அவுக்கலன்னா நான் இங்கனயே அவுத்திருதேன்."

அவள் கை முடிச்சுக்குப் போய்விட்டது. அப்போதுதான் நான் விரல்களைப் பார்த்தேன். வீங்கி, நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று இருந்தன. உள்ளே வீக்கம் வெளியே தள்ளுகிறது, வெளியே நனைந்த துணி உள்ளே நெரிக்கிறது, நடுவில் ரத்தம் எந்த வழியாகப் போகும்? சிவப்புக் கோடு போட்ட வரி மேசையில் திறந்தே கிடந்தது.

கத்தரியை எடுத்துக் கட்டை நீளவாக்கில் வெட்டித் திறந்தேன். விரலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தச் சில நிமிஷங்களில் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். முதலில் கட்டைவிரல் நகம் சிவந்தது. பிறகு ஒவ்வொரு விரலாகச் சூடு ஏறியது. "எறும்பு ஊருதமாதிரி இருக்கு" என்று சொல்லி அவர் சுண்டுவிரலை அசைத்தார். நான் அழுதேவிட்டேன்.

உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அங்கே இருந்த டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். பஞ்சு வைத்துத் தளர்வாகக் கட்டிய பிறகு, எலும்பை நேராகத்தான் வைத்திருக்கிறாய் என்று போனால் போகிறதென்று ஒரு வார்த்தை சொன்னார்.

மறுதேர்வில் அதே தேர்வாளர்தான் இருந்தார். முன்கை முறிவைக் கட்டிவிட்டாய், எப்போது வீட்டுக்குப் போவாய் என்று கேட்டார். விரல்களைப் பார்த்த பிறகு என்றேன். நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு, நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்புகிறதா என்பது, தசைக்குச் சில மணி நேரம் ரத்தம் நின்றால் அது செத்துச் சுருங்கி, எலும்பு கூடினாலும் கை மடங்கிப்போவது எல்லாம் மடைதிறந்தாற்போல் வந்தது. துணிக்கட்டு நனைந்ததா என்றும் பார்ப்பேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார். "புத்தகத்தில் இல்லை சார், குற்றாலத்தில் ஓர் அம்மா சொன்னது" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். மார்தட்டிக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அடுத்த சீசனில் அதே மனிதர் அதே வலது கையால் என் தோளைப் பிசைந்தபோது, வலி தாங்காமல் போதும் போதும் என்று கத்தினேன். "மெதுவா தேய்க்கணும்னா இடது கைய வச்சுத்தான் தேய்க்கணும்யா" என்று சொல்லிச் சிரித்தார்.

தேர்வில் மறுபடி தவறியிருந்தால் வயலைப் பார்த்துப் பிழைத்திருப்பேன். ஆனால் அந்தப் பெண் அன்று என் பேச்சை மதித்து வீட்டிலேயே இருந்திருந்தால், எலும்பை அழகாகக் கூட்டிவைத்து ஒரு குடும்பத்தின் கையைப் பறித்தவனாக வாழ்ந்திருப்பேன் என்பதால், நோயாளியின் வீட்டுப் பெண்கள் "கொஞ்சம் பாருங்களேன்" என்றால் இன்றுவரை நான் மறுபேச்சுப் பேசியதில்லை.