பதினொரு மணி மாத்திரை

என் கணவர் முதன்முதலாக என்மேல் வாளியை எறிந்தது ஒரு முற்பகல், பதினொரு மணிக்கு. "யாரு நீ? என் வீட்ல ஒனக்கென்ன வேல?" என்று கத்தினார். நாற்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய என்னைப் பார்த்து!

டிமென்ஷியா (மூளை மெல்லத் தேய்ந்து நினைவும் குணமும் மாறும் நோய்) என்றார் டொக்டர். ஆத்திரத்தைத் தணிக்க ஒரு மாத்திரை எழுதினார். "ராத்திரிக்குப் பாதி மட்டும். கூடினா ஒடம்பு வெறைக்கும், விழுந்துருவாரு. ஒரு மாசத்துல திரும்பக் காட்டுங்க."

என்னை மறந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சோமாவதியை மறக்கவில்லை பாருங்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவள் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரி. புளத்கொகுபிட்டிய பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இருபது வருடம் அவரோடு அடுத்தடுத்த நிரையில் ரப்பர் பால் வெட்டியவள். நானோ பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்தவள். ரப்பர் மலையில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நோய் என்று கேள்விப்பட்டு அவள் தினமும் பதினொரு மணிக்கு வரத் தொடங்கினாள். என் கையைத் தட்டிவிடுகிறவர், அவள் ஊட்டினால் சாப்பிட்டார். சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினார். அவள் அவரை "ஐயே" (அண்ணன்) என்பாள். அண்ணனாம்! எந்த ஊர் அண்ணன்?

இதைப் படிக்கும் நீங்கள் யாரும் இப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். காலைத் தேநீரில் இன்னொரு பாதி மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். சோமா வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். "எழுப்பாதீங்க" என்று வாசலிலேயே அனுப்பிவைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்பது நாள் அந்தச் சந்தோஷம். பத்தாம் நாள் அவர் கதவடியில் விழுந்து நெற்றி பிளந்தது. கைகால் கட்டை போல விறைத்திருந்தது, வாயில் எச்சில் வழிந்தது. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியதும் சோமாதான்.

"ராத்திரி மட்டுந்தானே குடுத்தீங்க?" என்றார் டொக்டர்.

"காலையிலயும் குடுத்தேங்க. அவ வந்தா சிரிக்கிறாரு. அதான்." பக்கத்தில் நின்ற சோமா தலையைக் குனிந்துகொண்டாள்.

டொக்டர் ஏசவில்லை. மாத்திரையை நிறுத்தினார். "மாத்திரைக்கு முந்தி, கோவம் எதுக்கு வருதுன்னு பாக்கணும்மா. எப்ப வருது?"

"பதினொரு மணிக்கு."

சோமா தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "அது தோட்டத்துல பால் எட போடுற நேரம், அக்கா. லேட்டானா வாளியில பால் ஒறஞ்சிடும். அதுக்குத்தான் ஐயே கத்துறது. நான் வாளிய வாங்கி, எட போட்டாச்சுன்னு சொல்றது. அப்புறம் சாப்பிடும்."

இவ்வளவுதானா! எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மருந்தின் வேகம் இறங்க, உடம்பின் விறைப்பு குறைந்தது. பதினொரு மணிக் கத்தலும் திரும்பியது. சோமாவும் பழையபடி வரத் தொடங்கினாள். ஒருநாள் மழையில் சோமா வரவில்லை. வெறும் வாளியோடு என் முன்னால் வந்து நின்று, சிங்களத்தில், "சோமா, எட போட்டாச்சா?" என்றார்.

நெஞ்சு எரிந்தது. நான் சோமா இல்லை என்று கத்த வாயெடுத்தேன். வாளியை வாங்கினேன். "போட்டாச்சு, ஐயே" என்றேன், அவளைப் போலவே சிங்களத்தில். அவர் சிரித்தார். என் கையால் சோறு சாப்பிட்டார்.

இப்போது பதினொரு மணியானால் என் கை தானாக வாளிக்கு நீள்கிறது. மிச்ச நேரமெல்லாம் அவருக்கு நான் யாரோ. அந்த ஒரு நேரத்தில்தான் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதுவும் அவளுடையது.