பத்தாவது மூட்டை

சபைக்குள் நுழையும் முன் பெரியதம்பி பாஸ்டர் செருப்பைக் கழற்றி, முனை ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி விடுகிறார். பிரசங்கம் முடிந்ததும் காலை நுழைத்து அப்படியே வண்டிக்குப் போய்விடலாம். உள்ளூர்ப் பாஸ்டரின் மனைவி இலை போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் அவருடைய டி.வி.எஸ். எக்ஸெல் கிளம்பியிருக்கும். “தசமபாகம் பேசுனவன் சாப்பாட்டுக்கு உக்காரக் கூடாதுப்பா. உக்காந்தா, இந்தச் சோத்துக்குத்தான் இவ்ளோ நேரம் கத்துனான்னுவாங்க.”

தசமபாகம் என்றால் வரும்படியில் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்கென்று சபையில் கொடுப்பது. அதைக் கேட்க வேண்டியவர் பாஸ்டர். அதில் சாப்பிடப் போகிறவரும் அவரேதான். கிராமத்துப் பாஸ்டர்களுக்கு அந்தப் பேச்சை எடுக்க நாக்கு கூசும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கிற சின்னச் சின்னத் தனிச்சபைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. அறுவடை முடிந்த வாரம் வெளியூர்ப் பாஸ்டர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கூப்பிடப்படுகிறவர் பெரியதம்பி. ஞானஸ்நானத்தில் ஸ்டீபன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கன்வென்ஷன் நோட்டீஸில் மட்டும் வரும்.

காணிக்கை உள்ளூருக்கு, வசவு வெளியூருக்கு. திங்கட்கிழமை காலையில் அவருக்கு வரும் போன்களில் பாதி, சபைக்கு வரும் பெண்களின் கணவர்களிடமிருந்து வருபவை. சட்டையை மாட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். குறுக்கே பேச மாட்டார். எதிர்முனை ஓய்ந்த பிறகு, “சாப்டீங்களா?” என்பார். அதோடு சிலர் வைத்துவிடுவார்கள். சிலருக்கு இன்னும் கோபம் ஏறும்.

இருபது வருடம் திண்டிவனம் கமிட்டியில், விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து ஏலத்துக்கு வைக்கும் கூடத்தில், மூட்டை தூக்கியவர். கழுத்து இல்லாததுபோல் தலை தோளில் உட்கார்ந்திருக்கும். வெள்ளை முழுக்கைச் சட்டையில் மேல் பொத்தானைப் போட்டாரென்றால் முகம் கொஞ்சம் சிவக்கும். பிரசங்கத்தில் கமிட்டிதான் வரும். குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவந்தவர்களை மல்கியா தீர்க்கதரிசி கண்டித்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலக்கடலை மூட்டையின் வாயைப் பிரிப்பார்.

“மேல பாத்தா முத்து முத்தா மல்லாட்டை. ஆகான்னுவான் யாவாரி. கைய உள்ள உட்டா? பொக்கு! சொத்தை! மண்ணாங்கட்டி! யாவாரியவே ஏமாத்துறியே, கர்த்தரை உட்டுவைப்பியா நீ?” சனம் சிரிக்கும். சிரித்து ஓய்கிற நேரத்தில் குரலைத் தாழ்த்துவார். “நல்லதக் குடு. இருக்கிறதுல நல்லதக் குடு. நான் சொல்லல. புஸ்தகம் சொல்லுது.”

வசனம் ஒன்று முடியும்போதெல்லாம் அவர் இப்படித்தான் சொல்வார். தன்னை ஒரு தபால்காரர் என்று நினைத்துக்கொள்கிறவர். கடிதத்தில் இருப்பதற்குத் தபால்காரர் பொறுப்பில்லை அல்லவா?

தன் சபையில் மட்டும் அவர் இதைப் பேசியதே இல்லை. மயிலம் ரோட்டில் தகரக் கூரை போட்ட கூடம். பின்புறம் அவர் குடியிருப்பு, மாடியில் வாடகைக்கு நாங்கள். மனைவி பிரபாவதி ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறார். “குடுத்தா கொட்டும்னு ஊரு சபைக்கெல்லாம் வானத்து ஜன்னலத் தொறந்து உட்டுட்டு வர்றாரு. நம்ம வீட்டு கரண்டு பில்லு கட்ட ஒரு வெண்டிலேட்டரு கூடத் தொறக்கல,” என்று மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வார். பதிலுக்கு இங்கே வந்து பேச வேண்டியவர், அனந்தபுரம் பக்கத்து ஊரில் சபை நடத்தும் வல்லரசு. சின்ன வயதுப் பாஸ்டர். இரண்டு வருடமாக வருகிறார். தசமபாகம் என்று தொடங்கியதும் வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட, இரண்டு வருடமும் நோவாவின் பேழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். முழங்கால் வரை செம்மண்.

“பத்துல ஒண்ணு பேசுற ஆளு யாருங்க இங்க?”

“நான்தாங்க. உள்ள வாங்க, உக்காருங்க.”

“உக்கார்றதுக்கு வரல. டிராக்டர உட்டு நெலத்த ஓட்டிப் போட்டுட்டு வந்துக்கிறேன். ஈரம் காஞ்சிடும்.”

அவர் பெயர் அப்பாதுரை. அனந்தபுரம் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவர். கோயில் குளம் எல்லாம் உண்டு. மனைவி அம்சா மட்டும், மகள் கலைமதி டெங்கு காய்ச்சலில் பிழைத்து வந்ததிலிருந்து வல்லரசுவின் சபைக்குப் போகிறாள். ஐப்பசி அறுவடையில் பத்து மூட்டை. ஒன்பது கமிட்டிக்குப் போனது. அந்தப் பணம் கலைமதியின் காலேஜ் பீஸுக்குப் போனது. பத்தாவதை அப்பாதுரை தனியே எடுத்து வைத்திருந்தார்.

“ஒவ்வொரு காயாப் பொறுக்கி வெச்சிருந்தேங்க. விதைக்கு. அதத் தூக்கிக்கினு போயி சர்ச்சுல குடுத்துட்டா. கேட்டா, பத்துல ஒண்ணு, இருக்கிறதுல நல்லதுன்றா. யாரு சொன்னான்னா, திண்டிவனத்து பாஸ்டருன்றா.”

உள்ளே பிரபாவதியின் மெஷின் நின்றுவிட்டது.

“சாமிக்குக் குடுக்குறத நான் வேணான்னு சொல்லலீங்க. மாரியாத்தாவுக்கு நானும்தான் குடுக்குறேன். விதையக் குடுப்பாங்களா யாராச்சும்?”

“மூட்டை இருக்குதுங்களா?”

“மைக்கு செட்டு வெக்கிற ரூம்புல அப்படியேதான் கீது. எங்க ஊரு பாஸ்டரு தம்பி எடுத்துக்கினு போங்கன்றாரு. இவ உட மாட்டேன்றா. குடுத்தத வாங்கினா கர்த்தர வஞ்சிச்ச மாதிரியாம். பொண்ணுக்கு எதுனா ஆயிடும்னு அழுவுறா. பேஜாரா கீதுங்க.”

பெரியதம்பி உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து லேவியராகமத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். முகம் தெளிந்தது. “இருக்குதுங்க. தசமபாகத்தத் திருப்பி மீட்டுக்கலாம்னு இருக்குது. மதிப்புக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு கூட வெச்சிக் குடுத்துட்டா...”

“அஞ்சுல ஒண்ணா?” அப்பாதுரை முதல்முறையாகக் கேட்டுக்குள் காலை வைத்தார். “அடமானக் கடைக்காரனே தேவலாம் போலக்கீதே!”

பிரபாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியதம்பி புத்தக உறையின் ஜிப்பை இழுத்து மூடினார். “வாங்க போவலாம்,” என்றார். மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். நானும் போனேன். அப்பாதுரை பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்.

வல்லரசுவின் சபை வாசலிலேயே அவரோடு அம்சா நின்றிருந்தாள். செய்தி முன்பே வந்திருக்க வேண்டும். ஒல்லியான பெண். கண் மட்டும் வீங்கியிருந்தது.

“ஸ்தோத்திரம் பாஸ்டர்.”

“ஸ்தோத்திரம்மா. விதையக் குடுக்கணும்னு நான் சொன்னனா?”

“நல்லதக் குடுன்னீங்க. எங்க வூட்டுல நல்லது அதுதான்.”

“உங்கிட்ட மீதி இருக்கணும்ல? வெதைக்கணும்ல?”

“மண்ணுல போட்டா முளைக்கிறதக் குடுத்தாத்தான குடுத்த மாதிரி?”

பெரியதம்பி வல்லரசுவைப் பார்த்தார். வல்லரசு தரையைப் பார்த்தார்.

“சரிம்மா. இப்ப நானே சொல்றேன், எடுத்துக்கினு போ. பாவம் இல்ல.”

“நீங்க எப்படி பாஸ்டர் சொல்லுவீங்க?” அவள் குரலில் எதிர்ப்பு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “குடுன்னு சொன்னது நீங்க இல்லைன்னீங்க. புஸ்தகம் சொல்லுதுன்னீங்க. வாணான்றதையும் புஸ்தகம்தான சொல்லணும்? எம் பொண்ணு கெடந்த கெடை உங்களுக்குத் தெரியாது. ரத்தத்துல எண்ணிக்கை கொறையுது கொறையுதுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நான் வெளையாட்டுக்குக் குடுக்கல.”

பெரியதம்பி புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடி நின்றார். தெரிந்த வசனங்களை மனதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. விதைகளைப் பற்றி எத்தனையோ வசனம் உண்டு. இந்தப் பெண்ணிடம் நீட்டக்கூடியதாக ஒன்றும் அகப்படவில்லை போலும். சபைக்கு எதிரே உழுது போட்ட நிலம். அதன் மேல்மண் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் வல்லரசுவிடம் திரும்பினார். “தம்பி, அன்னிக்குப் பேசுனதுக்கு எனக்குக் காணிக்கைக் கவர் குடுத்தியா நீ?”

“நீங்கதான் வாணான்னு வண்டிய எடுத்துட்டீங்க, அண்ணே.”

“இப்பக் குடு. அந்த மூட்டையக் குடு.”

வல்லரசு அறையைத் திறந்தார். பெரியதம்பி மேல் பொத்தானைக் கழற்றி, துண்டைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்து, குனிந்து எழுந்தார். மூட்டை ஏறிவிட்டது. வண்டி வேண்டாம் என்று கையசைத்தார். புத்தகம் என் கைக்கு வந்தது. அவர் முன்னால் நடக்க, நான்கு அடி பின்னால் அம்சா, அவளுக்குப் பின்னால் நாங்கள். டீக்கடையில் ஒருவர், “இன்னா பாஸ்டரு, திரும்ப லோடுமேன் வேலைக்கே வந்துட்டாரா?” என்றார். மூட்டைக்குக் கீழிருந்து பதில் வந்தது: “ஆமாங்க. இந்த வேலையில திட்டு கம்மி.”

அப்பாதுரை வீட்டு வாசலில் மூட்டையை இறக்கினார். மூச்சு வாங்கியது.

“இது இப்ப என்னுது. என் கூலி. என் கூலிய நான் உனக்குக் குடுக்கிறேன். போட்டு வெளைய வை.”

அம்சா மூட்டையைத் தொடவில்லை. “இது வசனத்துல இருக்குதா பாஸ்டர்?”

“தெரியலம்மா. தேடிப் பாத்தேன். எனக்குக் கெடைக்கல.” வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். “இத நான் சொல்றேன். பெரியதம்பி சொல்றேன். தப்பா இருந்தா, கேக்குறவரு என்னக் கேக்கட்டும். உன்னையோ உம் பொண்ணையோ கேக்க மாட்டாரு.”

அம்சா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாதுரை பெண்டாட்டியைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார். பிறகு, விதைக்க நாளைக்கு ஆள் சொல்லிவிட்டு வருகிறேன் என்று யாரிடமும் என்றில்லாமல் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

விதைக்கும் முன் மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும். பெரியதம்பி சாக்குத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கை அள்ளி, சாயங்காலத்தில் வறுத்த கடலை தின்கிறவரைப்போல் படபடவென்று உடைக்கத் தொடங்கினார். வல்லரசுவும் உட்கார்ந்தார். நானும்.

கொஞ்ச நேரத்தில் அம்சா கதவை விட்டு வந்தாள். குனிந்து, முறத்தில் பெரியதம்பியின் பக்கமிருந்த பருப்புகளைக் கிளறினாள். இரண்டு மூன்றைப் பொறுக்கி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“தோலு பிஞ்சிருக்குது பாஸ்டர். தோலு போனா முளைக்காது.”

“அப்படியா?”

“நடுவுல அமுக்குறீங்க. மூக்குல அமுக்கணும். மெல்ல.”

அவள் முறத்துக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள். பெரியதம்பி சாக்கிலிருந்து ஒரே ஒரு காயை எடுத்தார். தடித்த விரல்களுக்குள் அதைத் திருப்பித் திருப்பி மூக்கைத் தேடினார். கட்டைவிரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்ததை உள்ளங்கையில் தட்டி, சரிதானா என்று கேட்பதுபோல் அம்சாவின் பக்கம் நீட்டினார்.