இருபத்திரண்டு அடி அறை

இது நடந்த கதை. நம்பாதவர்களிடம், கிள்ளானுக்குப் போய் அந்தக் கடைவீட்டைப் பாருங்கள் என்று சொல்லலாம் என்றால், அதை இடித்துவிட்டார்கள். ஆனால் லோகேஸ்வரி இருக்கிறாள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் புடவை விற்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள். தெரிந்திருந்தால் எப்படியாவது பிழைத்திருப்பாள்.

பந்திங்கிலிருந்து வந்து கட்டடக்கலை படித்தவள். ஏழு வருடப் படிப்பு. பிரிக்பீல்ட்சில் ஒரு சின்ன அலுவலகத்தில் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமையோடு அதுவும் முடிகிறது. முதலாளி மரியநாயகம் கிள்ளானில் ஒரு பழைய கடைவீட்டை அளந்து, வரைந்து தரச் சொன்னார்.

"இத ஒழுங்கா செஞ்சா பெர்மனண்ட். இல்லன்னா பார்க்கலாம்."

'பார்க்கலாம்' என்றால் என்ன என்று வேலை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

மதியம் மூன்று இருபது. லேசர் கருவி பழுது, டேப்தான். மறுமுனையைப் பிடிக்க வேண்டிய டேரன், அலுவலகத்தில் புதுப் பையன், இன்னும் வரவில்லை. முன்கூடத்தைக் குனிந்து குனிந்து தனியாகவே அளந்தாள்.

வெளியே மழை பிடித்தது. பின்னறை ஒரே இருட்டு. உள்ளே செருப்புச் சத்தம்...

சரக்... சரக்...

தான் குனிந்திருந்தபோது டேரன் உள்ளே போயிருப்பான் என்று நினைத்தாள். அறை வாசலில் நின்றபடி டேப்பின் முனையை உள்ளே தள்ளினாள். சரசரவென்று போனது. இறுகியது.

"சுவத்துல ஒட்டிப் பிடிச்சியா?"

"ம்."

இருபத்திரண்டு அடி. குறித்துக்கொண்டாள்.

"ஜன்னல்?"

"இல்ல."

"கதவு?"

"இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அப்புறம் நீ எப்படிடா உள்ள போன?"



டேப் இறுகியே இருந்தது...

மெல்ல இழுத்தது.

ஓர் அங்குலம்.

இன்னோர் அங்குலம்...

கைபேசி அடித்தது. டேரன்.

"அக்கா, சாரி லா. ஷா ஆலாம்ல ரோடு ஜேம். டோல்கூட தாண்டல."

டேப்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

திரும்பிப் போய் அளக்க அவளால் முடியவில்லை. எழுதியிருந்த அளவை வைத்தே வரைந்து கொடுத்தாள். மரியநாயகம் நேரில் போய் அளந்தார். பின்னறை பதினான்கு அடிதான்.

"ஏழு வருஷம் படிச்சு, டேப் பார்க்கத் தெரியல," என்றார்.

நடந்ததைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய மேசையில் டேரன் உட்கார்ந்தான். எத்தனையோ அலுவலகங்களுக்கு எழுதிப் போட்டாள். ஒருவரும் கூப்பிடவில்லை. புடவைக் கடையில் மட்டும் நாளைக்கே வா என்றார்கள்.

நான்கு மாதம் கழித்து, கடையில் இருந்தபோது டேரன் அழைத்தான்.

"அக்கா, நீங்க எழுதினது சரி. இன்னிக்கு பின்சுவத்த இடிச்சாங்க. அதுக்கு அந்தப் பக்கம் எட்டடி இருக்கு. மொத்தம் இருபத்திரண்டு."

செத்துப்போன ஆசை ஒரு நொடி எழுந்து உட்கார்ந்தது. "பாஸ்கிட்ட சொன்னியா? என்னைத் திரும்பக் கூப்பிடுவாரா?"

"சொன்னேன். 'அதான் இடிச்சாச்சே, இனி என்ன'ன்னாரு."

போனைக் காதில் வைத்தபடியே அவள் விரித்திருந்த புடவையை மடித்தாள். அவனும் போனை வைக்கவில்லை.

"அக்கா... அந்த எட்டடியில ஜன்னல் இல்ல. கதவு இல்ல. ஆளும் இல்ல, எலும்பும் இல்ல. ஆனா சுவத்தோட பூச்சு உள்பக்கம்தான் இருக்கு. கொத்துக்கரண்டியும் உள்ளதான் கிடக்கு..."

"என்ன சொல்ற?"

"அந்தச் சுவத்த உள்ளேர்ந்துதான் கட்டியிருக்காங்க, அக்கா."