கதவு இலக்கம்

துஷாந்தினி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் தூத்துக்குடியில் எந்தச் சந்து எங்கே திரும்பும் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். இலங்கையில், பதுளைக் கடைவீதியில் மொஹிதீன் காக்காவின் ஸ்டுடியோவில், கல்யாண மாப்பிள்ளைகளின் பருக்களைக் கணினியில் அழித்துக்கொண்டிருந்தவளை, அமலி என்ற தூத்துக்குடிப் புகைப்படக்காரி எப்படியோ பிடித்துவிட்டாள். தன் ஊர் மாறிக்கொண்டே வருவதைப் பல வருஷமாகப் படம் எடுத்தவள் அமலி. அதைப் புத்தகமாகப் போட, படங்களைச் சுத்தம் செய்யும் வேலை துஷாந்தினிக்கு வந்தது.

உப்பளம், பழைய பண்டகசாலை, அதன்மேல் எழும்பிய மதில், ராட்சதக் கிரேன். அவற்றுக்கு நடுவே ஒரு படத்தில், துறைமுகக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். பார்த்ததும் அவளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் தான் குடியிருக்கும் லயத்து வரிசைதான் நினைவுக்கு வந்தது. கதவுகளில் சிவப்பு இலக்கங்கள் மங்கிக் கிடந்தன. தோட்டத்தில் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்ததும் கதவு இலக்கத்தைப் புதிதாக எழுதாத வீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். பாவம், படத்திலாவது நன்றாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் துலக்கி அனுப்பினாள்.

அமலி போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அது வீட்டு நம்பர் இல்ல. இடிக்கதுக்கு மாநகராட்சிக்காரன் போட்டது. இப்ப அங்க ஒரு செங்கல்கூட கிடையாது."

துஷாந்தினிக்கு உடம்பே கூசிப்போனது. "மன்னிச்சிருங்கக்கா. மாத்திர்றேன்."

"மாத்தாத. அப்படியே இருக்கட்டும். நீ இங்க வந்துரு. அடுத்த புத்தகத்த ரெண்டு பேருமா செய்வோம்."

பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. அந்த வாரமே அம்மா ஜீவராணியின் முழங்கால் மலை ஏற மறுத்தது. அப்பா இல்லாத வீடு. இவள் ஒரே பிள்ளை. வீட்டுக்கு ஒருவராவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனால்தான் லயத்தில் குடியிருக்கும் காம்பரா அறை நிலைக்கும் என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். ஆள் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடச் சொல்வார் தோட்டத்தை நடத்தும் துரை.

"நீ போ புள்ள. நா எப்புடியாவது ஏறிருவேன்" என்றாள் அம்மா, முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டியபடி.

அந்தத் துணியைப் பார்க்கப் பார்க்கத் துஷாந்தினிக்கு ஆத்திரம் பொங்கியது. காம்பராவின்மேல், துரையின்மேல், வாய் திறந்து 'போகாதே' என்று சொல்லாத அம்மாவின்மேலும். திங்கட்கிழமை கூடையை எடுத்துக்கொண்டு அவளே பெரட்டில் போய் நின்றாள். அன்றைக்கு மழைகூட நிற்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் புத்தகம் தபாலில் வந்தது. அம்மா அந்தப் படத்தில் விரலை வைத்தாள்.

"எந்தத் தோட்டத்து லயம் இது? நம்பரெல்லாம் எம்புட்டு சுத்தமா இருக்கு!"

"தூத்துக்குடிம்மா. இடிச்சிட்டாங்க."

"ஐயோ! அந்தச் சனமெல்லாம்?"

"எங்கயோ போயிட்டாங்க."

சொன்னபோது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வீடிழந்தவர்கள்மேல் பொறாமையா என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

அம்மா தங்கள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம நம்பருந்தான் மங்கிப் போச்சு. நீதான் நல்லா எழுதுவியே."

சுண்ணாம்பு காய்ந்ததும் துஷாந்தினி சிவப்புப் பெயின்டை எடுத்தாள். தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதினாள்.